பிலோமியின் மேல் ஒட்டிய சொல்

பிற்பகல் இரண்டு மணி பதினோரு நிமிடத்துக்கு பிலோமியின் அழைப்பு வந்தது. ஆழி அதை வரிசையில் ஒன்பதாவது இடத்தில் வைத்தது. எட்டாவது இடத்தில், உல்லாசப் படகில் போன ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கடலில் தவறவிட்ட புகார் இருந்தது.

ஆழி என்பது தென்கரைக் கடற்காப்பு மையத்தின் அறிவுப்பொறி. கட்டுப்பாட்டு அறையின் சுவர் முழுக்க அது வரைந்த கடல் விரிந்திருக்கும். அந்தக் கடலில் படகுகள் பெட்டிகளாகத்தான் தெரியும். ஒவ்வொரு படகும் ஒரு பெட்டி, ஒவ்வொரு மிதவையும் ஒரு பெட்டி, கடலுக்குப் போன ஒவ்வொரு மனிதரும் ஒரு பெட்டி. பெட்டியின் தலையில் இரட்டைக் கொக்கிகளுக்கு நடுவே ஒரு சொல் இருக்கும். அதற்கு வார்ப்புக்குறி என்று பெயர். «மிதவை» என்றிருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எங்கே இருக்கிறது என்று பார், பதிலை எதிர்பார்க்காதே என்று பொருள். «எரிபொருள் படகு» என்றால் தீப்பொறி பறக்கும் எதையும் பக்கத்தில் அனுப்பாதே. நூறு வரி விதிகளை ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். பழங்கால அச்சகங்களில் இருந்து மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்ட உத்தி இது. ஒரு பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கோத்து முடித்ததும், அதை அப்படியே ஈயத்தில் வார்த்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை எழுத்தைத் தொடவே வேண்டாம்.

மனிதர்களுக்கும் குறி இருந்தது; அவர்கள் நடத்தையைப் பார்த்து ஆழியே அதை ஒட்டும். பிலோமியின் பெட்டியில் இருந்தது «பதற்றக்காரர்».

ஏழு நிமிடம் கழித்து அழைப்பு மேசையில் இருந்த செண்பகம் அதை எடுத்தாள்.

“சொல்லுங்க பிலோமிக்கா.”

“இஞ்ஞாசி அண்ணன் படகு என் வலைமேல ஏறிப் போகுது. அறுத்துட்டுப் போகுது. ஒரு பறவை அனுப்புங்க.”

பறவை என்றால் மீட்புப் பறவை. ஆளில்லாமல் பறந்து, இரண்டு பேரைத் தூக்கி வரக்கூடிய பொறி. மொத்தக் கடற்கரைக்கும் பன்னிரண்டுதான் இருந்தன.

“வலைத் தகராறுன்னா மீன்வளத் துறைக்குத்தான் சொல்லணும்க்கா.”

“தகராறு இல்லம்மா. அடுத்தவங்க வலைமேல ஏறுத ஆளு இல்ல அவரு. அதனாலதான் சொல்லுதேன். படகுல என்னமோ ஆகியிருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல.”

செண்பகம் சுவரைப் பார்த்தாள். இஞ்ஞாசி மச்சாதுவின் படகு, நாலு பேர். நேர்கோட்டில் துறைமுகத்தை நோக்கி சீரான வேகத்தில் வந்துகொண்டிருந்தது. நலக்குறி பச்சை. இஞ்ஞாசியின் பெட்டியில் «தேர்ந்த மாலுமி» என்று இருந்தது. அவள் காதுக்குள் ஆழி தன் பரிந்துரையைச் சொன்னது: வலைத் தகராறு, முன்னுரிமை குறைவு, நாற்பது நிமிடத்தில் மறுபார்வை.

“பதறாதீங்கக்கா. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்,” என்று சொல்லி வைத்தாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் தமயந்தி நின்றிருந்தாள். ஆழியின் வரைவாளர் அவள்தான். ஆறு வருடம் முன்பு முதல் பெட்டியை வரைந்தவள், ஆண்டுச் சோதனைக்காகச் சென்னையில் இருந்து அன்று காலைதான் வந்திருந்தாள்.

“இவங்க அடிக்கடி கூப்பிடுவாங்களா?” என்று கேட்டாள்.

“இந்த அக்காவா? மாசம் ஒண்ணு தப்பாது மேடம்.”

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். தமயந்தி பின்னாளில் மறக்க விரும்பிய சிரிப்பு அது.

கடலில் பிலோமி காத்திருக்கவில்லை. படகைத் திருப்பி, தன் இரண்டு ஆட்களோடு இஞ்ஞாசியின் படகைத் துரத்தினாள். பக்கத்தில் போய் ஊதுகுழலை அடித்தாள். யாரும் வெளியே வரவில்லை. ஓடுகிற படகில் இருந்து ஓடுகிற படகுக்குத் தாவியபோது அவள் முழங்கால் சில்லு பெயர்ந்தது. சுக்கான் அறைக் கதவைத் திறந்தால், இஞ்ஞாசி தரையில் கிடந்தார். கீழறையில் மற்ற மூவரும் தூங்குவதுபோலக் கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாயில் விரிசல். மணமும் நிறமும் இல்லாத நச்சுப்புகை குளிரூட்டிய அறைகளுக்குள் நிறைந்திருந்தது. படகைத் தானாகவே செலுத்தும் தன்னோட்டி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு மறுபடி அழைத்தாள்.

“நாலு பேரையும் மேல்தளத்துக்கு இழுத்துப் போட்டாச்சு. மூச்சு இருக்கு. இஞ்ஞாசி அண்ணனுக்கு மட்டும் கண்ணு திறக்கல. இப்பவாவது அனுப்புவீங்களா?”

எழுதி வைத்ததைப் படிப்பதுபோல நிதானமான குரல். செண்பகம் விசையை அழுத்தினாள். இரண்டு பறவைகள் கிளம்பின.

நாலு பேரும் பிழைத்தார்கள். மூன்று பேர் ஒரே வாரத்தில் வீடு திரும்பினார்கள். சுக்கான் அறையில் அதிக நேரம் கிடந்த இஞ்ஞாசிக்கு மட்டும் பேச்சு குழறியது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. பிலோமி போகாமல் இருந்திருந்தால், தன்னோட்டி நாலு உடல்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். நலக்குறி அப்போதும் பச்சையாகவே இருந்திருக்கும். அது அளந்தது படகின் நலத்தை.

மையத்தின் தலைவர் ஹபீப் மறுநாளே தமயந்தியைக் கூப்பிட்டார். முப்பது வருடம் கடலோரக் காவலில் இருந்தவர், குரலை உயர்த்திப் பேச மாட்டார்.

“யார் தப்புன்னு நான் கேக்கல. பதற்றக்காரர்னா பின்னால தள்ளுன்னு யார் எழுதினது? அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் எழுதல சார்,” என்றாள் தமயந்தி. சொன்ன வேகத்திலேயே அது பதில் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது. “ரெண்டு நாள் கொடுங்க.”

பழைய வரைபடங்களைத் திறந்து உட்கார்ந்தாள். அந்தக் குறியை உருவாக்கியது அவளேதான். கீழே அவள் எழுதிய விளக்கமும் அப்படியே இருந்தது: ‘அழைப்பவர் அச்சத்தில் இருக்கலாம். பொறிக்குரல் வேண்டாம். மனிதரே பேச வேண்டும். இணைப்பை முதலில் துண்டிக்கக் கூடாது.’ அவ்வளவுதான். பயந்தவர்களுக்கு மையம் செய்ய வேண்டிய கடமையைத்தான் அந்தச் சொல்லுக்குள் வைத்திருந்தாள்.

பிறகு நடந்ததை யாரும் முடிவு செய்யவில்லை. மேசையில் இருந்தவர்கள் கொக்கிக்குள் இருந்த சொல்லைப் படித்தார்கள், விளக்கத்தைப் படிக்கவில்லை. பதற்றக்காரர் என்றால் பதறுகிறவர், பதறுகிறவர் என்றால் மிகைப்படுத்துகிறவர். அந்த அழைப்புகளை நாலைந்து விநாடி தாமதித்து எடுத்தார்கள். பேச்சைச் சுருக்கினார்கள். அனுப்பலாமா என்று ஆழி கேட்டபோது கொஞ்சம் தயங்கினார்கள். ஆழி கற்றுக்கொள்ளும் பொறி. தன் மனிதர்கள் எதற்குத் தயங்குகிறார்கள் என்று ஆறு வருடம் பார்த்து, அந்தத் தயக்கத்தையே விதியாக்கிக்கொண்டது. சொல் அப்படியே இருக்க, அதன் பொருள் மட்டும் ஒரு கடமையில் இருந்து ஒரு குணமாக மாறிவிட்டிருந்தது.

குறி பிலோமியின் மேல் ஏன் ஒட்டியது என்று அடுத்து பார்த்தாள். மாதம் ஒன்று என்று செண்பகம் சொன்ன அழைப்புகள், இரண்டரை வருடத்தில் மொத்தம் பதினொன்று. அதில் ஒன்பதுக்கு எதிரே ஒரே குறிப்பு: ‘பறவை சென்றது. ஆபத்தில் யாரும் இல்லை.’ தமயந்தி அந்தந்த நாளின் படகுத் தடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிலோமியின் தடத்தோடு ஒட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடத்திலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் ஒன்பதையும் பார்த்து முடித்தாள்.

பிலோமி வலம்புரித்துறையில் குடியிருந்தாள். தமயந்தி போனபோது, முழங்காலில் கட்டோடு முற்றத்தில் உட்கார்ந்து அறுந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. சொந்தப் படகு ஓட்டுகிற பெண்கள் அந்தக் கரையில் மூன்று பேர், அவர்களில் மூத்தவள்.

“நான் ஆழியை வரைஞ்சவ,” என்றாள் தமயந்தி. “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா. ரெண்டு வருஷம் முன்னாடி, ஆடி மாசம், ஒரு நாட்டுப்படகு கவிழ்ந்துச்சுன்னு கூப்பிட்டீங்க. பறவை வந்து பாத்தப்ப அங்க யாருமே இல்ல.”

“எப்படி இருப்பாங்க? அதுக்குள்ள நான் தூக்கிட்டேன்ல.” பிலோமி வலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “கூப்பிட்டு அரை மணி நேரம் ஆகுது வர. அது வரைக்கும் அவங்க தண்ணிக்குள்ள நிக்கவா?”

“ஒன்பது தடவையும் அப்படித்தான்.”

“எண்ணினது இல்ல.”

தமயந்தி குறியைப் பற்றிச் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள், தான் வைத்த பெயர்தான் என்பதையும் சேர்த்து. பிலோமியின் கைகள் நின்றன.

“ஓகோ. அதான் எம் பேரைச் சொன்னதும் அந்தப் புள்ளைக குரல் மாறுதா.” வலையை மடியில் இறக்கி வைத்தாள். “நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பொம்பளை படகு ஓட்டுதான்னு இளக்காரமோன்னு நினைச்சேன். பெறவு, நம்ம பேச்சுதான் சரியில்லையோன்னு தோணுச்சு. சத்தமாப் பேசுத ஊரு இது, காத்துல கேக்கணும்ல. அதனால கூப்பிடுததுக்கு முன்னாடி என்ன சொல்லணும்னு தாள்ல எழுதி, ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் கூப்பிடுதேன். ஒரு வருஷமா.”

“அன்னைக்குமா?”

“அன்னைக்கும்தான். ரெண்டு நிமிஷம் அதுல போச்சு.”

தமயந்தி மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். பிலோமி நூல்கண்டை அவள் பக்கம் நகர்த்தி, “இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க,” என்றாள். மாலை வரை தமயந்தி பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து அவள் எழுதிய திருத்தத்தைக் கேட்டு ஹபீப் வெகு நேரம் யோசித்தார். கடலில் இருக்கும் எந்த மனிதர் மேலும் குணத்தைச் சொல்லும் குறி கூடாது. மையம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே குறி சொல்லலாம். அதற்கும் நாற்பது நாள்தான் ஆயுள்.

“ஒரு சந்தேகம் தமயந்தி,” என்றார். “இஞ்ஞாசி அடுத்தவங்க வலைமேல ஏற மாட்டார்னு பிலோமி சொன்னாளே. அதுவும் ஒரு வார்ப்புதானே? அவளும் ஆளுக்கு ஒரு பேரு வச்சிருக்கா.”

“வச்சிருக்காங்க சார். ஆனா அவர் அதுல இருந்து மாறி நடந்ததும் என்னமோ ஏதோன்னு போய்ப் பாத்தாங்க. நம்ம பொறியும் நம்ம ஆளுங்களும் போய்ப் பாக்காம இருக்கிறதுக்கு அதைப் பயன்படுத்தினோம்.”

ஹபீப் கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரம் மேசையில் இருந்தவர்கள் திணறினார்கள். பெட்டிகளின் தலை வெறுமையாக இருந்தது. அழைப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று காதுக்குள் யாரும் சொல்லவில்லை. என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், இப்போது அது என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியிருந்தது. ஓர் அழைப்புக்கு இருபது விநாடி கூடியது. ஆனால் இரண்டாவது மாதத்தில், முன்பெல்லாம் வரிசையின் அடியில் கிடந்திருக்கக்கூடிய மூன்று படகுகள் நேரத்தோடு மீண்டன. தமயந்தி சென்னைக்குத் திரும்பவில்லை. தான் வரைந்ததன் அடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி, தினமும் இரண்டு மணி நேரம் அழைப்பு மேசையில் தானே அமர்ந்தாள்.

எதிர்ப்பு வந்தது. அது அவள் எதிர்பார்த்த இடத்தில் இருந்து வரவில்லை. «பதற்றக்காரர்», «தகராறுக்காரர்» என்றெல்லாம் ஒட்டப்பட்டிருந்தவர்கள் சத்தமில்லாமல் வேலையைப் பார்த்தார்கள். «தேர்ந்த மாலுமி»களும் «நம்பகமானவர்»களும்தான் மனு கொடுத்தார்கள். இத்தனை வருடம் சம்பாதித்த பெயரை ஒரே நாளில் அழித்துவிட்டீர்கள் என்று எழுதினார்கள். படகுக்காரர்கள் கூட்டம் போட்டபோது அறை நிறைந்துவிட்டது.

இஞ்ஞாசி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் எழுந்ததும், தங்கள் பக்கம்தான் பேசப்போகிறார் என்று மற்றவர்கள் இடம் விட்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசினார்.

“எனக்கு நல்ல பேருதான் வச்சிருந்தாங்க. அதனால... அன்னைக்கு என்னை யாரும்... கேக்கல. ஒரு தடவை, எப்படி இருக்கீகன்னு கேட்டிருந்தா... நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அது போதும்ல. தெரிஞ்சிருக்கும்ல.”

உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் குறியைத் திரும்பக் கேட்டு யாரும் பேசவில்லை.

பிலோமிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு செய்யலாம் என்று ஹபீப்புக்கு ஆசை. அவள் அழைத்தால் கேள்வியே இல்லாமல் பறவை கிளம்பும்படி ஒரு குறி கொடுக்கலாம் என்றார். தமயந்தி போனில் கேட்டதும் பிலோமி மறுத்துவிட்டாள்.

“வேண்டாம். எல்லாரையும் கேக்குத மாதிரி என்னையும் கேளுங்க.”

அவள் சொன்னது நல்லதாகப் போயிற்று. புரட்டாசியில் ஒரு நாள் அவள் அழைத்து, தொலைவில் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது என்றாள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுப் பறவையை அனுப்பினார்கள். அது செத்த திமிங்கிலம். கட்டுப்பாட்டு அறை சிரித்தது, பிலோமியும் இணைப்பில் இருந்தபடியே சிரித்தாள். அவள் பெட்டியின் தலை வெறுமையாகவே இருந்தது.

கார்த்திகை முதல் வாரம், மதிய முறைக்கு வந்து உட்கார்ந்த தமயந்தி தன் திரையில் புதிதாக ஒன்றைப் பார்த்தாள். மையத்தின் பணியாளர்களுக்கும் ஆழிக்குள் பெட்டிகள் உண்டு. அவளுடைய பெட்டியின் தலையில் இரட்டைக் கொக்கிகளுக்கு நடுவே இருந்தது: «எளிதில் நம்புபவர்».

உடனே விதியைத் திறந்து பார்த்தாள். ‘கடலில் இருக்கும் எந்த மனிதர் மேலும்’ என்றுதான் அவள் எழுதியிருந்தாள். கரையில் இருப்பவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. ஆழி பொய் சொல்லவும் இல்லை. மற்றவர்கள் பத்து அழைப்புக்கு ஆறு பறவை அனுப்பினால் அவள் ஒன்பது அனுப்பியிருந்தாள். எண்ணிக்கை சரி. குறியின் விளைவையும் ஆழி கீழே எழுதியிருந்தது: இவர் அனுப்பும் பறவைக்கு இன்னொருவரின் ஒப்புதல் தேவை.

எதிர் மேசையில் இருந்த செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் படித்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் குனிந்த அந்த விதம், குரலில் வரப்போகும் சின்ன மாற்றம், எல்லாமே தமயந்திக்கு முன்கூட்டியே தெரிந்தன. அதைவிட மோசமான ஒன்றும் தெரிந்தது. அடுத்த அழைப்புக்குப் பறவை அனுப்பலாமா என்று யோசிக்கும்போதே, இதற்கும் அனுப்பினால் குறி சரி என்று ஆகிவிடுமே என்ற கணக்கு அவளுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

வெளியே போய்ப் பிலோமியை அழைத்தாள். மையத்தின் இணைப்பில் இல்லை, சொந்தப் போனில்.

“எனக்கும் ஒண்ணு ஒட்டிருச்சுக்கா.”

பிலோமி முழுவதையும் கேட்டாள். பின்னால் அலைச் சத்தமும் இயந்திரச் சத்தமும் கேட்டன.

“எத்தன நாளைக்கு?”

“நாப்பது நாள். விதியை இன்னைக்கே திருத்த எழுதிக் குடுக்கப்போறேன். அதுக்கும் குழு கூடி முடிவெடுக்க அவ்வளவு நாள் ஆகும்.”

“எனக்கு ரெண்டரை வருஷம்.” குரலில் கிண்டல் இல்லை, கணக்கு சொல்வதுபோலத்தான் சொன்னாள். “இங்க பாருங்க. அந்தச் சொல்லு பொய்யின்னு காட்டணும்னு நீங்க ஒரு பறவையை நிறுத்திட்டீகன்னா, பெறவு அது சொன்னபடிதான் நீங்க ஆடுதீக. நான் தாள்ல எழுதி வச்சுப் படிச்சேன்ல, அது அந்தப் புள்ளைக என்ன நினைக்குமோன்னு பயந்துதான். ஆனா கூப்பிடுததை மட்டும் நான் நிறுத்தல.”

தமயந்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து ஓர் அழைப்பு வந்தது. சிப்பி எடுக்கப் போன ஒருவர், தன் கூட்டாளி முங்கி வெகு நேரமாகிவிட்டது என்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஒரு தடவை ஐந்து நிமிடம் என்றார், ஒரு தடவை பத்து என்றார். தமயந்தி மூன்று கேள்விகள் கேட்டாள். பிறகு பறவையை அனுப்பும் விசையை அழுத்தினாள். திரையில் ஒப்புதல் கேட்டு மஞ்சள் விளக்கு எரிந்தது.

“செண்பகம், ஒப்புதல் கொடு,” என்றாள்.

செண்பகம் தன் திரையைப் பார்த்தாள். ஆழி அவளிடம் கேள்வியோடு அந்தக் குறியையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு தமயந்தியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க என்ன கேட்டீங்க மேடம், அவர் என்ன சொன்னார்?”

தமயந்தி சொன்னாள். பத்து விநாடிகூட ஆகவில்லை. செண்பகம் விசையை அழுத்தினாள். பறவை கிளம்பியது.